குரூப்பில் இரண்டு அருந்ததி

கேள்வி கேட்பதில் யோகநாதனை வெல்ல வெள்ளவத்தையில் ஆளில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் நட்டஈட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருக்கிற மனிதர் வேறு எப்படி இருப்பார்? கார் மோதிவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால் போதும். மோதிய நேரம் என்ன, எந்தப் பக்கம், அப்போது ரேடியோ பாடிக்கொண்டிருந்ததா, என்ன பாட்டு என்று கேட்கக் கேட்க, வந்தவருக்குக் கடைசியில் அந்தக் கார் தன்னுடையதுதானா என்றே சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்டவர் சொந்த வீட்டில், சொந்த மகளிடம், இரண்டு கிழமையாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கதைத்தால்தானே கேட்பதற்கு!

சண்டை இதுதான். மகள் அருந்ததி உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டு தரம் எழுதிவிட்டாள். இரண்டாம் தரம் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிப்போய், தெற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்க இடம் வந்தது. "நான் போறன்" என்றாள் அவள். "மூண்டாந்தரம் எழுது" என்றார் தகப்பன். மூன்று தரம் எழுதலாம் என்று அரசாங்கமே இடம் விட்டிருக்கும்போது இரண்டோடு நிறுத்துகிறவர்களை அவரால் விளங்கிக்கொள்ளவே முடியாது. காலி வீதியில் பேர்போன ரியூசன் வாத்தியாரின் வகுப்பில் முன்வரிசைக் கதிரை ஒன்றுகூடப் பிடித்து வைத்துவிட்டார். ஆனால் அவள் இந்தப் படிப்புக்குப் பதிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது; ஒரு படிப்புக்குப் பதிந்தவருக்கு வேறு இடம் தரமாட்டார்கள். பிறகு மருத்துவ பீடத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். பதிவுக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

போதாக்குறைக்கு அது மீனோ இறைச்சியோ, மச்சம் என்று எதுவும் காய்ச்சாத வீடு. முட்டைகூட வாசல் படலைக்குள் வராது. பிளாட்டுக்கு ஏது படலை என்று கேட்காதீர்கள், வராது என்றால் வராது. அந்த வீட்டிலிருந்து ஒருத்தி மீன் படிக்கப் போகிறாள் என்றால் சொந்தக்காரர் என்ன சொல்வார்கள்? கனடாவிலிருந்து ஒரு பெரியப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "படிப்பு முடிய வள்ளம் வேண்டிக் குடுப்பியோ?" என்று கேட்டே விட்டார். யோகநாதன் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. சண்டைக்குப் பிறகு தகப்பனும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் தாய் சுபோதினி ஊடாகத்தான். "அவவைச் சாப்பிட வரச் சொல்லும்." "அவரை டிவியைக் குறைக்கச் சொல்லுங்கோ அம்மா." மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்துகொண்டு.

இப்படியிருக்க, அந்தத் திங்கட்கிழமை காலை, கரையோர ரயிலில் நசிந்துகொண்டு நின்ற யோகநாதனின் போனுக்கு ஒரு வட்ஸ்அப் வந்தது.

"வாழ்த்துக்கள் தங்கச்சி! நான் மர்ஸூக், மூணாம் வருஷம், தமிழ் மாணவர் சங்கம். புதுசா வாற பிள்ளைகளுக்கு குரூப் ஒண்டு போட்டிருக்கம். படிப்பு, ஹொஸ்டல், வேலை, என்ன கேள்வி எண்டாலும் கேளுங்க. கூச்சப்படாதீங்க."

நடந்தது இதுதான். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது மகளின் தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில் யோகநாதன் தன் இலக்கத்தைப் போட்டிருந்தார். அரசாங்க விசயமெல்லாம் வீட்டுத் தலைவருக்கு வரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. வெள்ளவத்தையில் பாதித் தகப்பன்மார் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியல் சங்கத்துக்குப் போய், மர்ஸூக்கின் 'தங்கச்சி' ஐம்பத்தேழு வயதில், கையில் சோற்றுப் பெட்டியோடு, பம்பலப்பிட்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

'என்ன கேள்வி எண்டாலும் கேளுங்க.' இந்த வசனத்தை யோகநாதனிடம் சொல்ல ஒருவன் பிறந்திருக்கிறானே! அவருக்கு மளமளவென்று ஒரு திட்டம் வந்தது. இந்தப் படிப்புப் படித்து வேலையில்லாமல் நிற்கிறவர்களின் விபரத்தை இந்தப் பிள்ளைகளின் வாயாலேயே எடுத்து, வெள்ளிக்கிழமைக்கு முதல் மகளின் முன்னால் வைத்துவிட்டால், அவள் மறுபேச்சில்லாமல் ரியூசன் கதிரையில் போய் இருப்பாள். குரூப்பில் சேர்ந்தார். தான் தங்கச்சி இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே, கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதே சாக்குப்போக்கைச் சொன்ன எத்தனை பேரின் நட்டஈட்டை அவர் மறுத்திருக்கிறார் என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

குரூப்பில் புதிதாக வந்தவர்கள் நாற்பது பேர். கேள்விகளைப் பார்க்கப் பார்க்க யோகநாதனுக்கு வயிறு எரிந்தது. முதல் நாள் என்ன நிறத்தில் உடுக்க வேண்டும்? லெப்டொப் இல்லாமல் சமாளிக்கலாமா? லெக்சருக்குப் போகாமல் கையெழுத்து மட்டும் போடலாமா? ஹரிசன் என்ற ஒரு பொடியன், நீந்தத் தெரியாதவர்கள் கடல் விஞ்ஞானம் படிக்கலாமா என்று கேட்டிருந்தான். இதெல்லாம் ஒரு கேள்வியா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் யோகநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டத் தொடங்கினார்.

"ஐயா, கீழ்க்காணும் விடயங்களுக்கு விளக்கம் தந்துதவவும். கடந்த ஐந்து வருடங்களில் இப்பாடநெறியைப் பூர்த்தி செய்தோர் எத்தனை பேர்? அவர்களுள் தொழிலின்றி இருப்போர் எத்தனை பேர்? அன்னாரின் பெயர், விலாசம் தர இயலுமா?"

மர்ஸூக் எழுதினான்: "தங்கச்சி, நீங்க பொலிஸ்காரர்ர மகளா?"

ஆனால் பொடியன் நல்லவன். மூதூர்ப் பிள்ளை, பொறுமையாக இருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டான். போன வருடம் வெளியேறியவர்களில் நாலு பேர் இறால் பண்ணையில், மூன்று பேர் ஏற்றுமதிக் கம்பனியில் தரம் பார்க்கிறார்கள், ஒருத்தி அலங்கார மீன் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள், இரண்டு பேர் நோர்வேயில் மேற்படிப்பு, இரண்டு பேர் வங்கியில். "வங்கியில் மீனுக்கு என்ன வேலை?" என்று உடனே குறுக்குக் கேள்வி போட்டார் யோகநாதன். "மீனுக்கு வேல இல்ல தங்கச்சி, மனிசருக்குத்தான்" என்று பதில் வந்தது. ஒருவன் மட்டும் வேலை இல்லாமல் இருக்கிறானாம். யோகநாதன் துள்ளி எழும்பி அவனுடைய இலக்கத்தைக் கேட்டார். அவன் பெரிய இடத்துக் கலியாணம் கட்டியிருப்பதால் வேலை தேடவில்லை என்று தெரிந்ததும் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டார்.

அடுத்த நாள் தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தார். "மச்சம் உண்ணாத குடும்பத்தைச் சேர்ந்தோர் செய்முறைப் பரீட்சையில் மீனை வெட்ட வேண்டி நேருமா? நேர்ந்தால் மாற்று ஏற்பாடு யாது?"

மர்ஸூக்கின் பதில்: "வெட்டத்தான் வேணும் தங்கச்சி. ஆனா சாப்பிடத் தேவையில்ல. டொக்டர்மாரும் வெட்டுற எல்லாத்தையும் சாப்பிடுறல்லயே."

குரூப் முழுக்கச் சிரிப்புப் படமாகக் கொட்டியது. யோகநாதனும் சிரித்துவிட்டார், அதுவும் ஒபிசில், வாய்விட்டு. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த மேசையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை.

அன்று தொடக்கம் நிலைமை கைமீறிப் போனது. மற்றப் பிள்ளைகள் தங்களுக்குக் கேட்க வெட்கமான கேள்விகளைத் தனியே 'அருந்ததி'க்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் லெக்சர் விளங்குமா? ஒரு பாடம் தவறினால் திரும்ப எழுதலாமா? முதல் வருடப் புள்ளி வேலைக்குப் போகும்போது பார்ப்பார்களா? யோகநாதன் ஒவ்வொன்றையும் திருத்தி, கூர் தீட்டி, தன் பெயரில், அதாவது மகளின் பெயரில், போட்டார். "அருந்ததி அக்கா செம" என்று ஹரிசன் எழுதினான். எல்லோரும் குரலில் அறிமுகம் அனுப்ப வேண்டும் என்று மர்ஸூக் சொன்னபோதுதான் உயிர் போய் வந்தது. "தொண்டை கட்டியிருக்கிறது" என்று எழுதித் தப்பினார். பதினொரு பேர் கைவைத்தியம் சொன்னார்கள். கல்முனையிலிருந்து ஷபீகா என்ற பிள்ளை, கொத்தமல்லி அவித்துக் குடித்தீங்களா என்று மூன்று நாளாக விடாமல் விசாரித்தாள். அவளுக்காகவே ஒரு நாள் உண்மையாகக் குடித்தார்.

சுபோதினி சும்மா இருப்பாளா? இருபத்தாறு வருடமாகப் போனைப் பார்த்து முகம் சுளிக்கிற மனுசன், இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்.

"இஞ்சாருங்கோ, ஆரோட உந்தச் சிரிப்பு?"

"ஒபிஸ் விசயம்."

"ஒபிசில ஆர் ஷபீகா?"

"நீர் ஏன் மற்ற ஆக்களின்ர போனைப் பாக்கிறீர்?"

"மேசையில வைச்சிட்டுக் குளிக்கப் போனா, அது துள்ளித் துள்ளிக் காட்டுது. 'தொண்டை எப்பிடிம்மா' எண்டு கேக்கிறா. உங்களை அம்மா எண்டு கூப்பிடுற அளவுக்கு என்ன நடக்குது?"

யோகநாதன் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். சுபோதினி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்து ஒன்று மட்டும் சொன்னாள்: "பிள்ளைக்குத் தெரிஞ்சுதோ, நான் உங்கட பக்கம் கதைக்க மாட்டன். சொல்லிப்போட்டன்."

ஐந்தாம் நாள் ஷபீகா தனியே எழுதினாள். அவளுடைய வாப்பா ஹொஸ்டலுக்கு விடமாட்டேன் என்கிறாராம். மூன்று நாளாக அழுகிறாளாம். என்ன சொன்னால் விடுவார் என்று கேட்டிருந்தாள்.

யோகநாதன் அந்தச் செய்தியை ரயிலில் வாசித்தார், ஒபிசில் வாசித்தார், திரும்பி வரும்போதும் வாசித்தார். அவருக்குத் தெரியாத கேள்வியா இது? தகப்பன்மாரைப் பற்றித் தகப்பனிடமே கேட்டால்! வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து, முதல் முறையாகக் கடிதத் தமிழை விட்டுவிட்டுத் தட்டினார்: "அவருக்கு ஒண்டும் சொல்லாதையும். அழவும் வேண்டாம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். கேற்றைக் காட்டும், பூட்டைக் காட்டும், வோர்டனோட கதைக்க விடும். பயந்துபோன மனுசருக்கு விளக்கம் காணாது, கண்ணால பாக்கவேணும். அவருக்கு உம்மில கோவம் இல்லை. நீர் போனாப் பிறகு வீட்டில என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நிக்கிறார்."

அனுப்பிய பிறகு கடைசி வரியைப் பார்த்தார். அதை ஏன் எழுதினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வாப்பா போய்ப் பார்த்தாராம். வோர்டன் அவரைவிடக் கடுமையான மனுசி என்று கண்டதும் சந்தோசமாகக் கையெழுத்து வைத்தாராம். ஷபீகா குரூப்பிலேயே அறிவித்துவிட்டாள். அருந்ததிக்கு வாழ்த்து மழை. ஊரிலுள்ள வாப்பாமாரையெல்லாம் வழிக்குக் கொண்டுவரும் 'அருந்ததி', வீட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் மகளிடம் உப்பைக்கூட நேரே கேட்கவில்லை.

இதற்கிடையில் ஹரிசன் ஒரு கேள்வி போட்டிருந்தான். தானும் மருத்துவம் தவறியவன்தான், பதியவா, அல்லது மூன்றாந்தரம் எழுதவா என்று. யோகநாதன் இதற்காகத்தானே குரூப்புக்கே வந்தார்! பாய்ந்து எழுதினார்: "எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு தரம் எழுதினார். மூன்றாந்தரம் எழுத வீட்டில் விடவில்லை. எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் என்று முப்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்."

மர்ஸூக் கேட்டான்: "எழுதியும் கிடைக்காமப் போயிருந்தா தங்கச்சி? மறந்திருப்பாரா, இல்லாட்டி நாலாந்தரம் எழுத விட்டிருந்தா எண்டு நினைச்சிட்டு இருப்பாரா?"

அந்தக் கேள்விக்கு யோகநாதன் பதில் போடவில்லை. நல்ல கேள்வி ஒன்றைக் கண்டால் அவருக்குத் தெரியும். அன்று பின்னேரம் முழுவதும் ஒரு கோப்பையும் திறக்காமல் இருந்தார்.

அடுத்த நாள், புதன்கிழமை, ஒரு கொள்கலன் உறைந்த இறால் பழுதாகிப்போன விசயமாக ஒபிசுக்கு, கடலுணவுச் சேதம் மதிப்பிடுகிற வித்யாலட்சுமி வந்தாள். கொட்டாஞ்சேனை வியாபாரக் குடும்பத்துப் பெண். மின்சாரம் போக முன்னமே இறால் கெட்டதா, போன பிறகு கெட்டதா என்று இரண்டு இறாலை உரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அவள் ஒரு வரி எழுதினால் கம்பனியின் பெரியவர்களே வாயை மூடிக்கொள்வார்கள். எட்டு வருடமாக யோகநாதன் எழும்பி நின்று கதிரை போடுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

"மேடம், ஒரு கேள்வி. நீங்கள் என்ன படிச்சனீங்கள்?"

"மீனுதான் சார் படிச்சேன். ஏன் கேக்குறீங்க?"

"வீட்டில ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லாம? புறக்கோட்டைல கடை இருக்கு, மீன் எதுக்குன்னு எங்கப்பா ஒரு மாசம் பேசல. இப்போ வாற ஆளுக்கெல்லாம் என் விசிட்டிங் கார்டத்தான் குடுத்துக்கிட்டு இருக்காரு."

யோகநாதன் அவளுடைய அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். மனம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் இறங்கியதை மகளிடம் எப்படிப் போய்ச் சொல்வது? அதற்கு ஒரு நல்ல நேரம் பார்ப்போம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே வியாழக்கிழமையும் வந்துவிட்டது.

வியாழன் பின்னேரம் ஆறு மணி. யோகநாதன் முன் அறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அருந்ததி தன் அறைக்குள். போன் துள்ளியது. குரூப்பில் புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருந்தது. பாடசாலைச் சிநேகிதி யாரோ இணைப்பை அனுப்பியிருக்கிறாள்.

"வணக்கம். நான் அருந்ததி யோகநாதன், வெள்ளவத்தை. எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை, பிந்தித்தான் தெரிய வந்தது."

தேத்தண்ணீர் யோகநாதனின் மூக்கில் ஏறியது.

மர்ஸூக் உடனே வந்தான்: "எங்கட்ட ஏற்கனவே ஒரு அருந்ததி யோகநாதன் இரிக்கா. வெள்ளவத்ததான். நீங்க யாரு?"

"நான்தான் அருந்ததி. மற்றது ஆர்?"

"போலி!" என்று ஹரிசன் கத்தினான். "பகிடிவதை செய்யிற சீனியர் கும்பலாத்தான் இருக்கும். உளவு பாக்க வந்திருக்கினம்."

"எங்கட அருந்ததிய எங்களுக்குத் தெரியும்" என்றாள் ஷபீகா. "அவ கேக்கிற மாதிரி வேற யாருக்கும் கேக்க வராது."

மர்ஸூக் நீதவான் ஆனான். "சரி. உண்மையான அருந்ததி எண்டா, மச்சம் சாப்பிடாத ஆக்களப் பத்தி நீங்க கேட்ட கேள்வி என்ன, சொல்லுங்க பாப்பம்."

"நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லையே!"

"கேள்வி கேக்காத அருந்ததியா?" என்று எழுதி, மர்ஸூக் அவளைக் குரூப்பிலிருந்து தூக்கி எறிந்தான். நாற்பது பேர் கைதட்டினார்கள். ஷபீகா தனியே எழுதினாள்: "பயப்புடாதீங்க அருந்ததி, நாங்க இருக்கம்."

யோகநாதன் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத வரவில்லை.

அறைக் கதவு திறந்தது. அருந்ததி வந்து அவருக்கு முன்னால் நின்றாள். இரண்டு கிழமைக்குப் பிறகு நேரே பேசினாள்.

"அப்பா, அந்தக் குரூப்பில ஒரு அருந்ததி இருக்கிறா. அவவின்ர நம்பர் என்ர போனில 'அப்பா' எண்டு கிடக்கு."

சுபோதினி குசினி வாசலில் வந்து நின்றாள். சொன்னபடி ஒருவர் பக்கமும் கதைக்கவில்லை.

"பிள்ளை, அது..."

"நாளைக்குப் பன்னிரண்டு மணியோட முடியுது. பதியிறதுக்கு ஒரு கோட் வேணும், அதுவும் உங்கட போனுக்குத்தான் வரும். அதைக் கேக்கப் பயத்தில மூண்டு நாளா அறைக்குள்ள இருக்கிறன். என்ர நம்பர் உங்களிட்ட, என்ர பேர் உங்களிட்ட, இப்ப என்ர சிநேகிதரும் உங்களிட்ட. கம்பஸுக்கும் நீங்களே போங்கோவன்!"

யோகநாதன் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். மகள் தன்னிடம் ஆறு இலக்கம் கேட்க மூன்று நாளாகப் பயந்திருக்கிறாள்! ஊர்ப்பிள்ளை ஷபீகா எதையும் பயமில்லாமல் கேட்கிறாள், சொந்தப் பிள்ளை பயந்து கிடக்கிறாள். யோகநாதன் போனை நீட்டினார்.

"முழுக்க வாசி. வாசிச்சிட்டுப் பேசு. எவ்வளவும் பேசு."

அருந்ததி வாங்கில் உட்கார்ந்து வாசித்தாள். மொத்தம் அறுபத்து மூன்று கேள்விகள். யோகநாதன் எதிரே கை கட்டிக்கொண்டு இருந்தார். நட்டஈடு கேட்டு வருகிறவர்கள் தன் முன்னால் எப்படி இருந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. முதலில் அவள் முகம் கறுத்துத்தான் இருந்தது. 'அன்னாரின் விலாசம்' வந்த இடத்தில் வாய் கோணியது. மீன் வெட்டும் இடத்தில் சிரித்தேவிட்டாள், பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டாள். ஆனால் வாசிக்க வாசிக்கக் கேள்விகள் மாறிக்கொண்டு வந்தன. வேலை எங்கே, சம்பளம் என்ன என்று தொடங்கியவை, ஹொஸ்டலில் மரக்கறிச் சாப்பாடு தனியே சமைப்பார்களா, மழை நாளில் ஸ்டேஷனிலிருந்து எப்படிப் போவது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று முடிந்திருந்தன. கடைசிக் கேள்வி: "வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் வந்தால் வெள்ளவத்தைக்கு எத்தனை மணிக்கு வந்து சேரலாம்?"

ஓரிடத்தில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"ஆர் இந்த 'எனக்குத் தெரிந்த ஒருவர்'?"

யோகநாதன் நிலத்தைப் பார்த்தார்.

"நீங்களோ? நீங்கள் ரெண்டு தரம் எழுதினனீங்களோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

சுபோதினிக்குப் பொறுக்கவில்லை. "உந்த விளையாட்டை விடுங்கோ. ஒழுங்காச் சொல்லுங்கோ பிள்ளைக்கு."

"ஓம், ரெண்டு தரம்" என்றார் யோகநாதன். "மூண்டாந்தரம் எழுத ஐயா, உன்ர அப்பப்பா, விடேல்லை. வேலைக்குப் போ எண்டிட்டார். நான் எழுதாத சோதினையை நீ எழுதித் தருவாய் எண்டு இருந்திட்டன், பிள்ளை. அது பிழை. எனக்கு முந்தநாளே தெரியும் பிழையெண்டு. உன்னட்ட வந்து சொல்லத்தான் வெக்கமாக் கிடந்தது."

அருந்ததி எழும்பிப் போய்த் தன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, பதிவுப் பக்கத்தைத் திறந்து பொத்தானில் விரலை வைத்தாள்.

"அமத்தட்டோ?"

"அமத்து."

அமத்தினாள். போன் துள்ளியது. யோகநாதன் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கோப்பு இலக்கம் வாசித்த கவனத்தோடு வாசித்தார். "பதிவு பூர்த்தியானது" என்று திரையில் வந்தது. சுபோதினி ஓடிப்போய்ச் சாமி அறையில் விளக்கு ஏற்றினாள். ரியூசன் வாத்தியாரின் முன்வரிசைக் கதிரையை வேறு யாராவது கொண்டுபோகட்டும்.

"இப்ப என்னைத் திரும்பக் குரூப்பில சேருங்கோ" என்றாள் அருந்ததி.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. யோகநாதன் தொண்டையைச் செருமி, மைக் படத்தை அழுத்திப் பிடித்தார்.

"பிள்ளையள், வணக்கம். என்ர தொண்டைக்கு ஒண்டும் இல்லை. நான் அருந்ததியின்ர தகப்பன், யோகநாதன். வயசு ஐம்பத்தேழு. நீங்கள் வெளியில போட்ட பிள்ளைதான் உண்மையான அருந்ததி. பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஷபீகா, கொத்தமல்லி நல்லம்."

மர்ஸூக் எழுதினான்: "அங்கிள், பதினோரு நாளா உங்கள நான் தங்கச்சி எண்டு கூப்பிட்டிருக்கன். எங்கட உம்மா கேட்டா என்னக் கொன்னே போடுவா." ஹரிசன் 'அக்கா' என்று கூப்பிட்டதை நினைத்து அழுகிற படம் ஒன்றைப் போட்டான். ஷபீகா மட்டும் தனியே எழுதினாள்: "அதான் பாத்தன், ஒரு வாப்பாட மனசு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சதெண்டு."

அருந்ததி உள்ளே சேர்க்கப்பட்டாள். சங்கத்தின் சட்டப்படி குரூப்பில் மாணவர் மட்டும்தான் இருக்கலாம் என்று மர்ஸூக் மிகுந்த மரியாதையோடு எழுதினான். பிறகு, 'மர்ஸூக் உங்களை நீக்கினார்' என்று ஒரு வரி வந்தது.

யோகநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலித்தது. ஒரு வட்ஸ்அப் குரூப்புக்கு வலிக்குமா என்று கேட்காதீர்கள், அவருக்கு வலித்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் பல்கலைக்கழக மாணவராக இருந்தது அந்தப் பதினொரு நாள்தான்.

சாப்பாடு முடிந்து சுபோதினி பாத்திரம் கழுவத் தொடங்கியபோது, அவருக்குள் இன்னொரு கேள்வி முளைத்தது. பழக்கதோசத்தில் போனை எடுத்தார். நீங்கள் இப்போது இதில் உறுப்பினர் இல்லை, செய்தி அனுப்ப முடியாது என்று அது முகத்திலடித்தது. கொஞ்ச நேரம் இருந்தார். எழும்பினார். இருந்தார். திரும்ப எழும்பிப் போய் மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"என்னப்பா?"

"ஒரு கேள்வி."

"கேளுங்கோ."

"முதல் நாள்... நானும் உன்னோட வரலாமோ? உள்ளுக்கு வரமாட்டன். அந்த லெக்சர் நடக்கிற மண்டபத்தை ஒருக்கா எட்டிப் பாத்திட்டு, அடுத்த ரயிலில திரும்பியிடுவன்."

அருந்ததி அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது; அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு, மளமளவென்று போனில் தட்டினாள்.

"குரூப்பில கேக்கிறன். பொறுங்கோ."

"என்னவாம்?"

"மர்ஸூக் டைப் பண்ணுறார்."

யோகநாதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தரம் எழுதிய பரீட்சையின் முடிவு வந்த நாட்களில்கூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

"இன்னும் டைப் பண்ணுறாரோ?" என்று கேட்டார்.